பிள்ளையின் நாவும் நம் ஏடுகளும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், நம் மாலை மக்தபில் ஓதும் பிள்ளைகள் பதினைந்து பேரை அழைத்துக்கொண்டு கிண்டிச் சிறுவர் பூங்காவிற்குச் சென்றிருந்தோம். தொழிற்பேட்டைப் பட்டறைகளில் உழைக்கும் தந்தையரின் பிள்ளைகள் அவர்கள். பூங்கா பேருந்தில் சில நிமிடத் தொலைவே. எனினும், அவர்களுள் பாதிப் பேர் அதற்குமுன் அதன் வாயிலுக்குள் நுழைந்தவர்களல்லர்.

அக்கூட்டத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். யாஸீன் அத்தியாயத்தைப் பிழையின்றி மனப்பாடமாக ஓதுவான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவான். நீட்ட வேண்டிய எழுத்தை நீட்டுவான். ஆனால் தமிழ் நூல் ஒன்றைக் கையில் கொடுத்தால் அவன் முகம் வாடிவிடும். ஒரு வரி படிப்பதற்குள் தாகம் எடுக்கும். இரண்டாம் வரிக்குள் வயிறு வலிக்கும். அவன் வேலியருகே நின்று, அங்கிருந்த பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான்: "வெ... ளி... மான்." படித்தவன் நம்மை நோக்கித் திரும்பி, "ஹஜ்ரத், வெளியே இருக்கிற மானுக்குத்தான் இந்தப் பேரா? அப்ப உள்ளே இருக்கிற மானுக்கு என்ன பேரு?" என்று கேட்டான்.

மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். நாமும் பழக்கத்தின் காரணமாக, "சும்மா இரு, கேலி பேசாதே" என்று அதட்டிவிட்டோம். அவன் வாய் மூடிக்கொண்டான். அன்று மாலைவரை அவன் வேறெந்தப் பலகையையும் படிக்கவில்லை.

இரவு தொழுகை முடிந்து தனித்திருந்தபோதுதான் நாம் செய்த தவறு நமக்கு உறைத்தது. புள்ளிமான் மர நிழலையும் புதரையும் நாடுவது. வெளிமானோ வெட்டவெளியான புல்தரையை நாடி மேய்வது. பெயர்க் காரணம் எதுவாயினும் ஆகுக; அச்சிறுவன் கேட்ட கேள்வி கேலியன்று. எழுத்தை ஒலியாக்குவதோடு நில்லாமல், அவ்வொலிக்குள் பொருள் தேட அவன் முதன்முறையாக முயன்றிருக்கிறான். அதுவே வாசிப்பு. அந்த வாசிப்பு பிறந்த நொடியிலேயே அதன் வாயை நாம் பொத்திவிட்டோம். இக்கட்டுரையை அத்தவற்றிற்கு நாம் செலுத்தும் கஃப்பாரா என்று வாசகர்கள் கொள்வார்களாக.

சோம்பலா, வறட்சியா?

"பிள்ளை படிக்கமாட்டேன் என்கிறான்; கைப்பேசியை வைத்தால்தானே!" என்பது இன்று வீடுதோறும் கேட்கும் முறையீடு. கைப்பேசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. கைப்பேசி வருவதற்கு முன்னரும் படிக்க விரும்பாத பிள்ளைகள் இருந்தனர். அவர்களைச் சோம்பேறிகள் என்றோம், பிரம்பை எடுத்தோம், அத்தோடு நம் கடமை முடிந்தது என்றிருந்தோம்.

நம் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். காலையில் ஆங்கிலவழிப் பள்ளி. அங்கே ஆங்கிலப் பாடத்தைப் பொருள் விளங்கியும் விளங்காமலும் ஒப்பிக்கிறான். மாலையில் மக்தபு. அங்கே அரபியை ஓதுகிறான். பொருள் பிற்காலத்தில் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெருவில் சென்னைத் தமிழ். வீட்டில் உருது பேசுவோர் எனில் நான்காவதாக அதுவும் சேரும். தமிழ்ப் பாடம் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. ஆனால் அதுவும் வினாவுக்கு விடையை நெட்டுருச் செய்யும் பாடமாகவே பெரும்பாலும் நின்றுவிட்டது. மூன்று நான்கு மொழிகள் அவன் செவியில் விழுகின்றன. ஒன்றிலேனும் தன் உள்ளத்தில் உள்ளதை நான்கு வாக்கியங்களில் கோவையாகச் சொல்ல அவனால் இயலவில்லை. விருந்தினர் வந்து "என்ன தம்பி, எப்படிப் படிக்கிறாய்?" என்றால் தாயின் பின்னே ஒளிகிறான். நாம் அதனை அடக்கம் என்று மெச்சிக்கொள்கிறோம். மொழி வறட்சிக்கு அடக்கம் என்று பெயரிடுவது நாம் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இக்குறை நம் வீட்டுக் குறை மட்டுமன்று. 2022-இல் 'ஏசர்' அமைப்பு நாடெங்கும் கிராமப்புறங்களில் நடத்திய கணக்கெடுப்பில், தமிழகத்தின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே இரண்டாம் வகுப்புத் தரத்திலான பகுதியைப் படிக்க வல்லவராயிருந்தனர். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தமை இதற்குப் பெருங்காரணம். அதனை ஈடுசெய்ய அரசு 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி'யையும், 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும், பள்ளிப் பிள்ளைகளுக்கென 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்களையும் தொடங்கியது. 2023-இல் தொடங்கிய 'வாசிப்பு இயக்கம்', சிறு சிறு கதைநூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிகளாக வகுத்தது. அந்நான்கு சொற்களைக் கேட்கும்போதே நமக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாயிற்று. பிள்ளையை அதன் வகுப்பு எண்ணைக் கொண்டு அளவாமல், அது நிற்கும் படியைக் கொண்டு அளந்த பெயர்கள் அவை. ஆறாம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யில் நிற்கலாம், அதில் இழுக்கில்லை.

எனினும் இம்முயற்சிகள் முதன்மையாக அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுந்தவை. வட்டிக்குக் கடன் வாங்காத குறையாகக் கட்டணம் செலுத்தி நாம் சேர்த்துவிட்ட தனியார் ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைக்கு அந்நூல்கள் எளிதில் எட்டுவதில்லை. அவனுக்குத் தமிழில் எது எட்டுகிறது? நம் சமுதாயம் அச்சிட்டுத் தரும் சிறுவர் நூல்களே. ஆதலின், அந்நூல்களைச் சற்றே உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

நம் சிறுவர் நூல்களின் நடை

எந்த நூலையும் எந்த ஆசிரியரையும் சுட்டிப் புண்படுத்துவது நம் நோக்கமன்று. நல்லெண்ணத்தோடும், பலர் தம் கைப்பொருளைச் செலவிட்டும் வெளியிட்ட நூல்கள் அவை. அவ்வகை நடையில் ஒரு வாக்கியத்தை நாமே புனைந்து காட்டுகிறோம். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் இளமையைச் சிறுவர்க்குச் சொல்லும் பகுதி என்று வைத்துக்கொள்வோம்:

"அன்னார் தம் இளம் பிராயத்திலேயே சிலை வணக்கத்தின் அறிவீனத்தை நன்கு உணர்ந்து, தம் தந்தையாருக்கு ஏகத்துவத்தின் மாண்பினை எடுத்தியம்பியமையால் அன்னாரின் கடுஞ்சினத்திற்கு இலக்காயினார்."

இதில் இலக்கணப் பிழையில்லை. மேடையில் முழங்கினால் முதியோர் தலையசைப்பர். ஆனால் பத்து வயதுப் பிள்ளை இதில் என்ன காண்பான்? முதல் 'அன்னார்' மகன். இரண்டாம் 'அன்னார்' தந்தை. யார் யார்மீது சினங்கொண்டார் என்று அறியவே அவன் மூன்று முறை படிக்க வேண்டும். பிராயம், மாண்பு, எடுத்தியம்பல், இலக்காதல் ஆகிய எதனையும் அவன் தன் தாயின் வாயிலிருந்து கேட்டதில்லை. இவற்றைவிடப் பெருங்குறை ஒன்று உண்டு. இவ்வாக்கியத்தில் சிறுவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் பேசியதன் சுருக்கத்தை மட்டும் பெரியவர் ஒருவர் நமக்கு அறிவிக்கிறார். சிலை எப்படியிருந்தது, எங்கே நின்றது, அதைப் பார்த்த சிறுவர் என்ன கேட்டார் என்பதெல்லாம் மறைந்து, 'அறிவீனம்', 'மாண்பு' என்னும் இரு முடிவுகளே எஞ்சுகின்றன. கதை போய்த் தீர்ப்பு மட்டும் நிற்கிறது.

அதனையே இப்படிச் சொல்லிப் பார்ப்போம்:

"இப்ராஹீம் நபி அப்போது சிறுவர். வீட்டில் சிலைகள் நிறைய இருந்தன. அவர் ஒரு சிலையைப் பார்த்தார். அதற்குக் காது இருந்தது. 'தந்தையே, இதற்குக் காது கேட்குமா?' என்று கேட்டார். தந்தை பதில் சொல்லவில்லை. 'இதற்கு வாய் இருக்கிறதே, பேசுமா?' என்று கேட்டார். தந்தைக்குக் கோபம் வந்தது."

இதுவும் எழுத்துத் தமிழே, கொச்சையன்று. வாக்கியங்கள் குறுகின. 'சிலை', 'கேட்டார்', 'தந்தை' ஆகிய சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருமுறை எழுத்துக் கூட்டிய சொல்லை மறுமுறை காணும்போது பிள்ளை அதனை அடையாளம் கண்டுகொள்கிறான். தனக்குப் படிக்க வருகிறது என்னும் நம்பிக்கை பிறக்கிறது. சிறுவர் வினவுகிறார்; படிக்கும் சிறுவனின் உள்ளமும் உடன் வினவுகிறது. தீர்ப்பை நாம் சொல்லவேண்டியதில்லை, அவனே சொல்லிவிடுவான்.

இம்முறை நம் கண்டுபிடிப்பன்று. நம் மதரஸாக்களில் அரபி பயிலத் தொடங்கும் மாணவர் கையில் கொடுக்கும் 'கஸஸுன் நபிய்யீன்' நூலைக் கற்றோர் இதனை உடனே உணர்வர். லக்னோவின் மௌலானா அபுல் ஹஸன் அலி நத்வி (மறைவு 1999) அவர்கள் 1940-களில், தம் தமையனாரின் மகனாகிய ஒரு சிறுவனை முன்னிறுத்தி எழுதத் தொடங்கிய நூல் அது. சிலை விற்பவர் ஒருவரிடமிருந்து முதற்கதை தொடங்குகிறது. சிறு வாக்கியங்கள், மீண்டும் மீண்டும் வரும் சொற்கள், பக்கத்துக்குப் பக்கம் கேள்வியும் பதிலும். இவை தற்செயலாக அமைந்தவையல்ல. பிள்ளைகளின் நடையையும் இயல்பையும் பின்பற்றிச் சொற்களையும் வாக்கியங்களையும் வேண்டுமென்றே திருப்பிச் சொன்னதாக ஆசிரியரே தம் முன்னுரையில் விளக்கியுள்ளார். மாபெரும் அறிஞர் ஒருவர் தம் புலமையை ஒரு பிள்ளையின் முன் மடித்து வைத்துவிட்டு அமர்ந்த காட்சி அது.

இங்கே நம்மை நாணச் செய்யும் உண்மை ஒன்று உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு அரபி அயல்மொழி. அவ்வயல்மொழியில் எழுதிய அந்நூலைப் படிப்பது, அவன் தாய்மொழியில் நாம் எழுதித் தந்த சிறுவர் நூலைப் படிப்பதைவிட அவனுக்கு எளிதாயிருக்கிறது! இதனை நாம் மக்தபில் கண்கூடாகக் கண்டோம். குறை பிள்ளையின் மூளையில் இல்லை, ஏட்டில் இருக்கிறது.

மௌலானா அவர்களோடு ஓரிடத்தில் மட்டும் மரியாதையுடன் மாறுபட நமக்கு இசைவு வேண்டும். பிள்ளைகள் பூனை, நாய், ஓநாய், குரங்குக் கதைகளில் மூழ்கியிருப்பதைக் கண்டு, அவற்றிற்கு ஈடாக நபிமார் வரலாற்றைத் தர எண்ணியதாக அவர்கள் கூறுகின்றார்கள். எண்ணம் உயர்ந்தது. ஆனால் விலங்குக் கதைகளை நாம் விலக்க வேண்டுவதில்லை. நம் நாட்டுப் பஞ்சதந்திரம் பஹ்லவி மொழி வழியே எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பாரின் கையில் 'கலீலா வ திம்னா' என்னும் அரபி உரைநடைச் செல்வமாயிற்று. விலங்குகள் பேசுவதாக அமைத்தது இளையோரின் மனத்தை ஈர்ப்பதற்கே என்று அவரும் தம் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். எகிப்தின் காமில் கீலானி (1897-1959) 1927-இல் 'சிந்துபாத்' கதையைச் சிறுவர்க்கென வெளியிட்டு, அரபியில் சிறுவர் இலக்கியத்திற்கு ஒரு தனிப்பாதை வகுத்தார். பேச்சு மொழி ஒன்றாகவும் எழுத்து மொழி வேறாகவும் இருக்கும் இடர் அரபிக்கும் தமிழுக்கும் பொது. அவ்விடர்மேல் பாலம் போட்டது கதையே.

தமிழிலும் அப்பாலம் உண்டு. பாரதியாரின் பாப்பாப் பாட்டு முதல் கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் அமைத்த வழி அது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்த வள்ளியப்பா, பிள்ளையின் வாயில் எளிதாகப் புரளும் சொல்லையே தேடித் தேடி எடுத்தவர். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம், அறிவியலையும் எளிய தமிழில் எழுத இயலும் என்று காட்டியது. இவற்றை நம் வீட்டு அலமாரியில் காண்பது அரிது. "நம்மவர் எழுதியதல்லவே" என்னும் தயக்கம் போலும். தமிழ் நம் தாய்மொழியாயின், அத்தமிழில் பிள்ளைகளுக்காக நல்லெண்ணத்தோடு எழுதிய ஒவ்வொருவரும் நம்மவரே.

இழந்துவிட்ட செல்வம்

நம் முன்னோர் இவ்வகையில் வறியவராயிருந்தனரா? இல்லை. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழு இஸ்லாமிய இலக்கியம் எது? 1572-இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' அன்றோ! அதன் அமைப்பு என்ன? அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேள்வி கேட்கிறார். அண்ணலார் (ஸல்) விடை பகர்கிறார்கள். நூல் முழுவதும் வினாவும் விடையும். பின்னர் எழுந்த 'நூறு மசலா'வோ ஓர் இளவரசி தொடுக்கும் நூறு வினாக்களைக் கதையின் உயிராகக் கொண்டது. கேள்வியைத் தலைவாயிலாகக் கொண்டு தமிழ் இலக்கிய வீட்டிற்குள் நுழைந்த சமுதாயம் நம்முடையது. அதன் வாரிசாகிய ஒரு பிள்ளை மானைப் பார்த்துக் கேள்வி கேட்டால் "சும்மா இரு" என்கிறோம்!

இனி, அரபுத்தமிழை நினைத்துப் பார்ப்போம். தமிழ் ஒலிகளுக்கென அரபி எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்து, நம் முன்னோர் ஓர் எழுத்துமுறையை வகுத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் அவ்வெழுத்தில் அமைந்தன. பள்ளிக்கூட வாயிலை மிதியாத நம் மூதாட்டியர் அவற்றைப் படித்தனர். குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தைக் கொண்டு தம் வாய்மொழியையே வாசித்தனர். ஒருவர் படிக்க நால்வர் கேட்டுப் பொருள் பேசினர். எழுத்து, ஒலி, பொருள், உரையாடல் ஆகிய நான்கும் அவர்களிடம் ஒரே பாயில் அமர்ந்திருந்தன. அந்த எழுத்துமுறைக்கே திரும்புவோம் என்று நாம் சொல்லவரவில்லை. அந்த நான்கும் மீண்டும் ஒரே பாயில் அமரவேண்டும் என்பதே நம் விருப்பம்.

இப்னு கல்தூன் (1332-1406) தம் 'முகத்திமா'வில் இதுபற்றி விரிவாகவே எழுதியுள்ளார். குர்ஆன் ஓதுதலோடு மட்டும் நிறுத்திய மேற்கு நாட்டார்க்கு மொழித்திறன் குன்றியதையும், அதனோடு கவிதை, கடிதம், இலக்கணம், கையெழுத்து ஆகியவற்றையும் சேர்த்த அந்தலூஸியர்க்கு அது வளர்ந்ததையும் அவர் ஒப்பிடுகிறார். அவர் குர்ஆன் கல்வியைக் குறைத்து மதிப்பிடவில்லை, நாமும் மதிப்பிடவில்லை. இறைமொழியைப் போல் எழுத மனிதனால் இயலாது. ஆகவே மனிதமொழி பழக மனிதர் எழுதியதும் வேண்டும் என்பதே அவர் வாதம்.

அவரது இன்னொரு கூற்று நம் நெஞ்சில் தைக்கிறது. கல்வித் திறன் கைவர எளிய வழி, நாவைப் பழக்கி உரையாடுவதும் வாதிப்பதுமே என்கிறார் அவர். ஆண்டுக்கணக்காகப் பாடச் சபைகளில் அமர்ந்தும் வாய் திறவாதிருக்கும் மாணவர்களைச் சுட்டி, மனப்பாடம் மிகுந்தும் திறன் பெறாதவர் என்று இரங்குகிறார். கடுமை காட்டி வளர்த்த பிள்ளை சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளப்படுவான் என்றும் எச்சரிக்கிறார். இவை ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன் எழுதியவை. இருபது ஆண்டுகளாக மக்தபு நடத்தும் நாம், அமைதியாயிருக்கும் வகுப்பே நல்ல வகுப்பு என்று எண்ணி வந்ததை இங்கே மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

வேடிக்கை என்னவெனில், நாம் கல்வி பெற்றது அவ்வாறன்று! மதரஸாவில் பகற்பாடம் முடிந்தபின், இரவில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து 'தக்ரார்' செய்வோம். ஒருவன் ஆசிரியரைப் போல் பாடத்தைத் தன் சொற்களில் சொல்வான். மற்றவர் இடைமறித்துக் கேட்பர். தடுமாறினால் இன்னொருவன் தொடர்வான். நம்மை ஆளாக்கியது ஆசிரியரின் உரையைவிட அந்த இரவு வட்டமே. பெரிய மாணவர்க்கு அளித்த அந்தப் பேறு சிறு பிள்ளைக்கு ஏன் இல்லை?

மீலாது விழாக்களில் சிறுவர் பேச்சுப் போட்டி நடத்துகிறோமே என்பர். ஆம், நடத்துகிறோம். தந்தையோ நாமோ எழுதித் தந்த உரையை, பொருள் முழுதும் விளங்காத பிள்ளை கையை உயர்த்தித் தாழ்த்தி ஒப்பிக்கிறான், பரிசும் பெறுகிறான். மேடையிலிருந்து இறங்கியவனை, "என்ன பேசினாய், தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். அது பேச்சன்று, ஓதலின் மறுவடிவமே. மூன்று நிமிட மனப்பாட உரையினும், தான் கண்டதைத் தானே சொல்லும் ஐந்து வாக்கியங்கள் மேலானவை. போட்டி வைப்போர் இதனைக் கருதுவார்களாக.

செய்யக்கூடியவை

விமரிசனம் செய்வது எளிது. வழி சொல்வதே கடினம். அறிஞர் அவைக்கல்ல, அடுப்படிக்கும் கூடத்திற்கும் ஏற்ற சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, பிள்ளை படிப்பதற்கு முன் நாம் அவனுக்குப் படித்துக் காட்டவேண்டும். இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் போதும். எழுத்துத் தமிழை அவன் கண் சந்திக்குமுன் அவன் செவி சந்தித்திருந்தால், 'வந்துகொண்டிருந்தான்' என்னும் சொல் அவனுக்கு அந்நியமாகத் தோன்றாது. படித்ததைப் பற்றி வீட்டுப் பேச்சிலேயே பேசலாம். பேச்சு மொழியைத் திருத்தத் தொடங்கினால் பேச்சே நின்றுவிடும்.

இரண்டாவது, பிள்ளை சொல்வதை நாம் எழுதவேண்டும். இதனை நாம் செய்து பார்த்தோம். முன்னர்க் குறித்த சிறுவனை அழைத்து, பூங்காவில் கண்டதைச் சொல்லச் சொன்னோம். முதலில் தயங்கினான். "நீ கேட்டது சரியான கேள்விதான் தம்பி, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்" என்றபின் மெல்லத் தொடங்கினான். அவன் சொன்ன ஏழு வாக்கியங்களை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி, அவனிடமே படிக்கக் கொடுத்தோம். நூலைக் கண்டால் தாகம் எடுக்கும் பிள்ளை, ஒரு மூச்சில் படித்து முடித்தான். படித்துவிட்டு, "இது நான் சொன்னதுதானே!" என்றான். தன் நாவில் பிறந்ததே ஏட்டில் வந்து அமரும் என்பதை அன்றுதான் அவன் அறிந்தான். ஏட்டிற்கும் அவனுக்கும் இடையே இருந்த பகை அந்த நொடியில் பாதி தணிந்தது.

மூன்றாவது, நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் ஒரு பங்கைப் பிள்ளைக்குத் தரவேண்டும். கிண்டிக்கு அண்மையில் கோட்டூர்புரத்தில், 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அதில் சிறுவர்க்கெனத் தனிப் பகுதி உண்டு. அங்கே அழைத்துச் சென்று, "உனக்குப் பிடித்ததை எடு" என்று விட்டுவிட்டு நாம் சற்றே விலகி அமரவேண்டும். படக்கதையை எடுத்தால் முகம் சுளிக்கலாகாது. நம் இளமையில் 'அம்புலிமாமா'வையும், 1972-இல் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்' இதழ்களையும் பாடநூலுக்குள் ஒளித்துப் படித்து அடி வாங்கியவர்கள் நாம். இன்று நாம் எழுதும் தமிழில், அடித்த கையின் பங்கினும் அவ்விதழ்களின் பங்கே மிகுதி. ஒழுக்கத்திற்கு ஒவ்வாதவற்றைப் பெற்றோர் கவனிக்கட்டும். ஆனால் கண்காணிப்பு வேறு, காவற்கூடம் வேறு.

நான்காவது, வாரம் ஒருநாள் வீட்டில் 'மசலா' நடக்கட்டும். பிள்ளை கேட்கவேண்டும், பெரியவர் விடை சொல்லவேண்டும். தெரியாத விடையைத் தெரியாது என்றே சொல்லவேண்டும். "அல்லாஹு அஃலம்" என்று சொல்லி முடிப்பது நம் இமாம்களின் மரபன்றோ! தந்தையும் தாயும் அச்சொல்லைச் சொல்லக் கேட்ட பிள்ளைக்கு, அறியாமை வெட்கமன்று என்பது விளங்கும். அதன்பின் அவன் வாய் மூடாது.

ஐந்தாவது, சொல்லால் மட்டுமே முடியக்கூடிய ஒரு வேலையை அவனிடம் ஒப்படைக்கலாம். கடைச் சாமான் பட்டியலை அவன் எழுதட்டும். ஊரிலுள்ள பாட்டியாருக்கு அவன் கடிதம் எழுதட்டும். பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பை அவனே படித்துத் தாய்க்கு விளக்கட்டும். தன் சொல்லுக்குப் பயன் உண்டு என்று கண்ட பிள்ளை, சொல்லைச் சேர்க்கத் தொடங்கிவிடுவான்.

இனி எழுத்தாளர்களுக்கும் பதிப்பிப்போருக்கும் ஒரு வேண்டுகோள். சிறுவர்க்கென ஒரு நூலை அச்சுக்கு அனுப்புமுன், ஐந்து பிள்ளைகளை அமர்த்தி அதனை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். அவர்கள் தடுமாறும் இடங்களில் எல்லாம் உங்கள் வாக்கியத்தைத் திருத்துங்கள், பிள்ளையைத் திருத்தாதீர்கள். "தமிழின் தரம் தாழ்ந்துவிடுமே" என்று அஞ்சவேண்டுவதில்லை. எளிமை தாழ்வன்று. நத்வி அவர்களின் அரபி தாழ்ந்ததா? வள்ளியப்பாவின் தமிழ் தாழ்ந்ததா? ஏணியின் முதற்படி தரைக்கு அண்மையில் இருந்தால்தான் ஏற இயலும். சீறாப்புராணம் மேல்மாடியில் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகள் ஒருநாள் சென்று சேரவேண்டும் என்னும் ஆசையினால்தான் கீழ்ப்படியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

சில நாள்களுக்குப்பின் அச்சிறுவனோடு மட்டும் மீண்டும் பூங்காவிற்குச் சென்றோம். அதே வேலி, அதே பலகை. "வெளிமான் வெட்டவெளியில் மேயும் மான். நீ பெயரைப் படித்துப் பொருள் தேடினாய் அல்லவா, அதுதான் படிப்பு" என்றோம். அவன் சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஹஜ்ரத், வெட்டவெளியில் இருக்கவேண்டியதை ஏன் வேலிக்குள்ளே வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டான்.

இம்முறை நாம் அதட்டவில்லை. உடனே சொல்ல நம்மிடம் விடையும் இல்லை. "அல்லாஹு அஃலம், வா, சேர்ந்து படித்துப் பார்ப்போம்" என்றோம். அவன் அடுத்த பலகையை நோக்கி ஓடினான். நம் பிள்ளைகளின் நாவிலுள்ள முடிச்சை வல்ல நாயன் அவிழ்ப்பானாக. அம்முடிச்சை இட்ட நம் கைகளையும் அவன் மன்னிப்பானாக.